கனடா உப்புப் போத்தலும் நிறுத்திய குளிசையும்

வலிகாமம் பக்கத்தில் இருந்து 46 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர் விபரங்களை விட்டு அதைச் சுருக்கித் தருகிறேன்.

வீட்டில் ஐந்து பேர்: அவர், தோட்டம் செய்யும் கணவர் (52), மாமி (73), 19 வயதிலும் 15 வயதிலும் இரண்டு பிள்ளைகள். சென்ற வருடம் கிளினிக்கில் கணவரின் பிரஷர் 158/96 இருந்ததால் லொசாட்டன் 50 மில்லிகிராம் தொடங்கினார்கள். நான்கு மாதத்துக்கு முன் யாரோ அனுப்பிய வீடியோவைப் பார்த்து வீட்டுச் சமையல் முழுவதும் இந்துப்புக்கு மாறியது. பிறகு பார்மசியில் ஒருமுறை பார்த்தபோது 134/84. "உப்பை மாத்தினதே காணும்" என்று கணவர் குளிசையை நிறுத்திவிட்டார். ஆறு வாரம் ஆகிறது. நாரி நோவுக்கு மட்டும் அடிக்கடி டைக்லோபெனக் வாங்கிப் போடுகிறார். மாமிக்கு இதயம் பலவீனம், கால் வீக்கம். எனலாபிரில், ஸ்பைரனோலக்டோன் இரண்டும் எடுக்கிறார். கிளினிக் கொப்பியில் கிறியற்றினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்த அளவு) சற்றுக் கூட என்று எழுதியிருக்கிறது. ஆனால் ஊறுகாய், மோர் மிளகாய், கருவாடு இல்லாமல் மாமிக்குச் சோறு இறங்காது. இப்போது கனடாவில் இருந்து வந்த மச்சாள் 'குறைந்த சோடியம்' என்று எழுதிய உப்பு இரண்டு போத்தல் கொடுத்திருக்கிறார். அதை எல்லாருக்கும் போட்டுச் சமைக்கலாமா, கணவருக்கு இனிக் குளிசை தேவையா, கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உவர்ப்பது காரணமா, வெயிலில் வேலை செய்கிறவருக்கு உப்பைக் குறைத்தால் மயக்கம் வராதா, பிள்ளைகளுக்கும் இப்போதே குறைக்க வேண்டுமா என்பவை கேள்விகள். மாதத்துக்கு 400 கிராம் உப்புப் பைக்கற் மூன்று முடிகிறது என்ற ஒரு விபரத்தையும் எழுதியிருக்கிறார். அது மிகவும் உதவியாக இருந்தது.

அன்புள்ள சகோதரிக்கு,

வீட்டில் யாருக்குப் பிரஷர் கூடினாலும் சமைக்கிறவரைத்தான் பார்க்கிறார்கள் என்று மனம் நொந்து எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பாரம் உங்கள் மேல் மட்டும் விழ வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் உப்பு ஒரு பிரச்சினை, மருந்து இன்னொரு பிரச்சினை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பியதால்தான் இப்போது ஆபத்து வந்திருக்கிறது. எது அவசரமோ அதை முதலில் சொல்கிறேன்.

இன்றைக்கே செய்ய வேண்டியது

அந்தக் கனடா உப்பை மாமி சாப்பிடும் எதிலும் போடாதீர்கள். சமையல் ஒரே சட்டியில் என்றால் வீட்டில் யாருக்குமே போடாதீர்கள்.

காரணம் இதுதான். 'குறைந்த சோடியம்' என்று விற்கும் உப்பில் சோடியம் குளோரைட்டின் ஒரு பகுதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பொற்றாசியம் குளோரைட் சேர்த்திருப்பார்கள். சிலவற்றில் கால் பங்கு, சிலவற்றில் பாதிக்கு மேல், சில போத்தல்களில் முழுவதுமே பொற்றாசியம். சுகமான சிறுநீரகம் கூடுதல் பொற்றாசியத்தைச் சிறுநீரோடு வெளியேற்றிவிடும். மாமிக்குச் சிறுநீரகம் ஏற்கெனவே கொஞ்சம் பலவீனம். அதற்கு மேல் எனலாபிரில், ஸ்பைரனோலக்டோன் இரண்டுமே பொற்றாசியத்தை உடம்பில் தங்க வைக்கிற மருந்துகள். அவருடைய இதயத்துக்கு அவை மிகவும் தேவை, நிறுத்தவே கூடாது. அவற்றோடு இந்த உப்பும் சேர்ந்தால் இரத்தத்தில் பொற்றாசியம் ஏறும். வழமையான அளவு லீற்றருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை. 6ஐத் தாண்டினால் இதயத் துடிப்பே குழம்பலாம், நின்றும் போகலாம். இதில் பயமானது என்னவென்றால் பலருக்கு எந்த அறிகுறியும் முன்கூட்டித் தெரியாது.

ஏற்கெனவே சில நாட்கள் போட்டுச் சமைத்திருந்தால், அடுத்த கிளினிக் தவணை வரை காத்திராமல் இன்றோ நாளையோ மாமியைக் கூட்டிச் சென்று இரத்தத்தில் பொற்றாசியமும் கிறியற்றினினும் பார்க்கச் சொல்லுங்கள். கை கால் திடீரெனச் சோர்ந்து போனால், நெஞ்சு படபடத்தால், மயங்கி விழுந்தால் 1990 அம்புலன்சைக் கூப்பிடுங்கள். அது இலவசம்.

மச்சாள் பாசத்தில்தான் கொண்டு வந்திருக்கிறார், அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இந்த வகை உப்பு நல்லதில்லை என்றும் நினைத்துவிடாதீர்கள். சீனாவில் 600 கிராமங்களில் ஏறத்தாழ 21,000 பேரை ஐந்து வருடம் வரை பின்தொடர்ந்து 2021இல் வெளியிட்ட ஆய்வில், முக்கால் பங்கு சாதாரண உப்பும் கால் பங்கு பொற்றாசிய உப்பும் கலந்து பாவித்தவர்களுக்குப் பாரிசவாதம் 14 வீதம் குறைந்தது. ஆனால் கடுமையான சிறுநீரக வருத்தம் உள்ளவர்களையும் பொற்றாசியத்தைத் தங்க வைக்கும் மருந்து எடுப்பவர்களையும் அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2025இல் இந்த உப்பைப் பற்றி வெளியிட்ட வழிகாட்டலும் சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பிள்ளைகள் ஆகியோரை விலக்கித்தான் பேசுகிறது. உங்கள் வீட்டில் இது பொருந்தக்கூடிய ஆட்கள் நீங்களும் மூத்த பிள்ளையும் மட்டும்தான். கணவர் லொசாட்டனைத் திரும்பத் தொடங்கினால் அவருக்கும் பொற்றாசியம் பார்த்த பிறகே யோசிக்கலாம். இத்தனை கணக்குப் பார்த்து ஒரு வீட்டில் இரண்டு உப்பு வைத்துச் சமைப்பதை விட, போத்தலைத் தேவையான வேறொரு வீட்டுக்குக் கொடுத்துவிடுவது நல்லது. கொடுக்கும்போது மேலே உள்ள எச்சரிக்கையையும் சேர்த்தே கொடுங்கள்.

இளநீரிலும் பொற்றாசியம் நிறைய உண்டு. 'குளிர்மை' என்று மாமிக்குத் தினமும் இளநீர் கொடுக்கும் வழக்கம் இருந்தால் அதையும் கிளினிக்கில் சொல்லுங்கள்.

குளிசையை நிறுத்தியது

இந்துப்பில் நூற்றுக்கு 97, 98 பங்கு அதே சோடியம் குளோரைட்தான். இளஞ்சிவப்பு நிறம் தருகிற இரும்பும் மற்றத் தாதுக்களும் மிகச் சொற்பம். எனவே சாதாரண உப்பில் இருந்து இந்துப்புக்கு மாறியதால் உங்கள் கணவரின் உடம்புக்குள் போகும் சோடியம் ஏறத்தாழக் குறையவே இல்லை. இன்னொரு நட்டமும் இருக்கிறது: இலங்கையில் 1995 முதல் சமையல் உப்பில் அயடீன் சேர்ப்பது சட்டம், இந்துப்பில் பெரும்பாலும் அயடீன் இராது. வளரும் பிள்ளைகள் உள்ள வீட்டில் அது கவனிக்க வேண்டியது. அயடீன் சேர்த்த சாதாரண உப்புக்கே திரும்புங்கள், அளவைக் குறையுங்கள்.

அப்படியென்றால் 134/84 எப்படி வந்தது? அந்த நேரம் அவர் லொசாட்டன் எடுத்துக்கொண்டிருந்தார். அது மருந்தின் வேலை. பிரஷர் உள்ள ஒருவர் தினமும் நான்கு, ஐந்து கிராம் உப்பை உண்மையாகவே குறைத்தால் மேல் அளவு சராசரியாக 5 புள்ளி இறங்கும் என்பது பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கு. 158இல் 5 போனால் 153. உப்பு மட்டும் 158ஐ 134 ஆக்காது. மரக்கறி, பழம், கொழுப்புக் குறைந்த பால் உணவுகள் நிறைந்த சாப்பாட்டோடு உப்பையும் நன்றாகக் குறைத்துப் பார்த்த 2001ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வில், பிரஷர் உள்ளவர்களுக்கு 11 புள்ளிக்கு மேல் இறங்கியது. ஒரு குளிசையின் பலனுக்குக் கிட்ட வருகிற அளவு இது, ஆனால் அதற்குச் சாப்பாட்டையே மாற்ற வேண்டியிருந்தது.

லொசாட்டனை நிறுத்தினால் அடுத்த நாளே ஒன்றும் தெரியாது. சில நாட்களில் தொடங்கி, வாரக் கணக்கில் பழைய அளவுக்கு ஏறிவிடும். தலையிடி, தலைச்சுற்று வந்தால்தான் பிரஷர் கூட என்று நம்புகிறார்கள். 170 இருந்தும் தோட்டத்தில் முழுநாள் வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் கணவரை இந்த வாரமே கிளினிக்குக் கூட்டிப் போங்கள். 'நிறுத்திவிட்டேன்' என்று உள்ளதைச் சொல்லச் சொல்லுங்கள். ஏச்சுக்குப் பயந்து 'எடுக்கிறேன்' என்று சொன்னால் வைத்தியர் மருந்து போதவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டிவிடுவார்.

டைக்லோபெனக் பற்றிக் கடிதத்தில் ஒரே வரிதான் எழுதியிருந்தீர்கள். எனக்கு மிகவும் கவலை தந்த வரி அது. அந்த வகை நோ மாத்திரைகள் சிறுநீரகத்தில் உப்பையும் நீரையும் தங்க வைத்துப் பிரஷரைக் கூட்டும், லொசாட்டனின் வேலையையும் கெடுக்கும். வெயிலில் வியர்த்து உடம்பில் நீர் குறைந்திருக்கும்போது லொசாட்டனும் டைக்லோபெனக்கும் சேர்ந்தால் சிறுநீரகமே பாதிக்கப்படலாம். நாரி நோவுக்குப் பரசிற்றமோல், சுடுநீர் ஒத்தடம், குனிந்து தூக்கும் முறையை மாற்றுவது ஆகியவற்றில் தொடங்குங்கள். பரசிற்றமோலிலும் தண்ணீரில் போட்டு நுரைக்கும் வகை வேண்டாம். ஒரு குளிசையில் ஏறத்தாழ ஒரு கிராம் உப்புக்குச் சமமான சோடியம் இருக்கும். வயிற்றுப் பொருமலுக்குக் கரைத்துக் குடிக்கும் நுரைத்தூளும் அப்படித்தான், அது பெரும்பாலும் சோடியம் பைகாபனேற்.

கிளினிக்குக்குப் போகும்வரையும் அதன் பிறகும் வீட்டில் பிரஷர் பார்க்க முடியுமென்றால் முறையாகப் பாருங்கள். மேற்கையில் கட்டும் கருவிதான் வேண்டும், மணிக்கட்டுக் கருவி நம்பகமில்லை. தேத்தண்ணி, வெற்றிலை, சுருட்டு, வேலை எதுவும் அரை மணித்தியாலத்துக்கு முன் இருக்கக்கூடாது. சலம் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, பாதம் நிலத்தில் பட, ஐந்து நிமிடம் பேசாமல் இருக்க வேண்டும். கையை நெஞ்சு மட்டத்தில் மேசையில் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை பாருங்கள். காலையும் மாலையும் ஏழு நாள் இப்படிப் பார்த்து, முதல் நாளை விட்டு மிச்சத்தின் சராசரியை எடுங்கள். வீட்டுச் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் கூட என்று அர்த்தம். 180/120ஐத் தாண்டி, அதோடு நெஞ்சு நோ, இளைப்பு, வாய் கோணல், கை கால் விறைப்பு, பேச்சுக் குழறல் ஏதாவது இருந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் 1990ஐக் கூப்பிடுங்கள்.

உப்பு உள்ளே போய் என்ன செய்கிறது

உப்பில் 40 வீதம் சோடியம். சோடியம் இரத்தத்தில் கூடினால் தாகம் எடுக்கும், உடம்பு நீரையும் பிடித்து வைக்கும். சிறுநீரகம் அதை வெளியேற்ற வேண்டும். வயது போக, பிரஷரும் சீனி வருத்தமும் சேர, அந்த வேலை மெதுவாகிறது. அப்போது உடம்பு கண்ட வழி, அமுக்கத்தைக் கூட்டி உப்பைச் சிறுநீரகத்தால் தள்ளுவது. வருடக் கணக்கில் இது நடந்தால் நாடிகள் விறைக்கும், இதயத்தின் இடது அறைச் சுவர் தடிக்கும். பாரிசவாதம், மாரடைப்பு, மாமிக்கு வந்ததைப் போன்ற இதயப் பலவீனம் எல்லாம் இந்த வழியில் வருகின்றன. எல்லாருக்கும் ஒரே அளவில் ஏறுவதில்லை. ஒரே சட்டிச் சோறு சாப்பிட்டும் உங்களுக்கு 118 ஆகவும் அவருக்கு 158 ஆகவும் இருப்பது அதனால்தான்.

லொசாட்டன் எடுப்பவர் உப்பைக் குறைப்பதில் ஒரு தனி இலாபம் உண்டு. உப்புக் கூடுதலாக இருந்தால் அந்தக் குளிசை முழுப் பலன் தராது. உப்பு இறங்கினால் அதே 50 மில்லிகிராம் இன்னும் நன்றாக வேலை செய்யும். சிலருக்கு வைத்தியர் அளவைக் குறைக்கவும் முடியும். உங்கள் கணவர் விரும்பிய இடத்துக்குப் போகும் பாதை இதுதான்: குளிசையோடு தொடங்கி, உப்பைக் குறைத்து, அளந்து காட்டி, வைத்தியர் குறைப்பது.

ஒரு மாத உப்புக் கணக்கு

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை, வளர்ந்தவர் ஒருவருக்கு நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவு. தூள் உப்பு என்றால் மட்டமாக வழித்த ஒரு தேக்கரண்டி. பாணில், கருவாட்டில், கடைத் தீனியில் இருப்பதும் இந்த ஐந்துக்குள் அடங்க வேண்டும்.

நீங்கள் எழுதிய பைக்கற் கணக்கைப் பார்ப்போம். 400 கிராம் மூன்று, 1,200 கிராம். ஐந்து பேர், 30 நாள். ஆளுக்கு நாளுக்கு 8 கிராம். மீன் கழுவவும் மற்ற வேலைக்கும் கொஞ்சம் போனாலும், சட்டியில் விழுவது மட்டுமே எல்லையைத் தாண்டுகிறது. வெளியில் இருந்து வருவது அதற்கு மேல். ஒவ்வொரு கறியிலும் எத்தனை சிட்டிகை என்று எண்ணத் தேவையில்லை. பைக்கற் எத்தனை நாளில் முடிகிறது என்பதே நல்ல அளவுகோல். கல்லுப்பானாலும் தூளானாலும் நிறை நிறைதான்.

மீன் கழுவும் உப்பை ஒரு தனிப் பேணியில் வையுங்கள். சமையலுக்கு ஒவ்வொரு ஞாயிறும் அந்த வாரத்துக்கான உப்பை ஒரு சின்னப் போத்தலில் போட்டுக்கொள்ளுங்கள். இப்போது கிழமைக்கு 280 கிராம் போகிறது. முதல் மூன்று வாரம் 200 கிராம், அதாவது அரைப் பைக்கற். அடுத்த மூன்று வாரம் 150. பிறகு 100, அதாவது கால் பைக்கற். அப்போது சட்டியில் இருந்து ஆளுக்கு நாளுக்கு 3 கிராமுக்குச் சற்றுக் குறைவாக வரும், மிச்சம் வெளியில் இருந்து வருவதற்கு இடம். ஒரே நாளில் பாதியாக்கினால் எல்லாரும் மேசையில் உப்புக் கேட்பார்கள், நீங்களும் கைவிட்டுவிடுவீர்கள். நாக்கு பழக ஆறு முதல் எட்டு வாரம் வேண்டும். பழகிய பிறகு பழைய கறி கரிக்கும்.

எங்கே குறைப்பது என்பதில் ஒரு ஒழுங்கு வைத்தால் ருசி கெடாது. இடியப்ப மாவுக்கும் பிட்டுக்கும் போடும் உப்பை முதலில் விடுங்கள். சொதியும் சம்பலும் பக்கத்தில் இருக்கையில் அது யாருக்கும் தெரியாது. குழம்புக்கு உப்பைத் தொடக்கத்தில் அள்ளிப் போடாமல் இறக்கும் நேரம் போடுங்கள், குறைந்த அளவே நாக்கில் நன்றாகத் தெரியும். சொதியை இறக்கிய பின் தேசிக்காய் கொஞ்சம் கூட விடுங்கள். புளி, மிளகு, சீரகம், உள்ளி, வறுத்த தூளின் மணம் எல்லாம் உப்பின் இடத்தை நிரப்பும். இந்த விடயத்தில் யாழ்ப்பாணச் சமையலுக்கு அதிர்ஷ்டம். இவ்வளவு சரக்கு உள்ள கறியில் உப்பைக் குறைப்பது மற்ற இடங்களை விட லேசு. கடையில் வாங்கும் கலவைத் தூள்களில் உப்புச் சேர்த்திருக்கிறதா என்று பைக்கற்றைத் திருப்பிப் பாருங்கள்.

சட்டிக்கு வெளியே இருப்பவற்றில் பெரியவற்றை மட்டும் சொல்கிறேன். பாண் உப்பாகத் தெரியாது, ஆனால் ஒரு றாத்தலில் கால் பங்கு சாப்பிட்டால் ஒரு கிராமுக்கு மேல். நூடில்ஸ் ஒரு பைக்கற், அதோடு வரும் தூளும் சேர்ந்து 2 முதல் 3 கிராம். சூப் கியூப்பில் நிறையில் பாதியளவு உப்பு. ஒரு கட்டி போட்ட சட்டிக்கு வேறு உப்பு வேண்டியதில்லை. கொத்து, பிறைட் றைஸ் வாங்கும் நாளில் சோயா சோசும் சேருகிறது, ஒரு மேசைக்கரண்டியில் 2 கிராமுக்கு மேல். அப்பளத்தில் உப்போடு சோடாக் காரமும் உண்டு. உப்புக் கருவாட்டில் நூறு கிராமுக்குப் பத்து முதல் இருபது கிராம் வரை உப்பு இருக்கலாம். பைக்கற் சாமான்களில் சீனி, உப்பு, கொழுப்புக்கு நிற அடையாளம் போட்டிருக்கும். உப்புக்குச் சிவப்பு என்றால் அன்றாடம் வாங்க வேண்டாம்.

கிணறும் வெயிலும்

கிணற்றைப் பற்றி நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. குடாநாட்டில் சுண்ணாம்புக் கல்லுக்குள் நல்ல தண்ணீர் ஒரு படையாக உவர் நீருக்கு மேல் நிற்கிறது. கூடுதலாக இறைத்தால் கீழிருந்து உவர் ஏறும், கரையோரங்களிலும் தீவுப்பகுதியிலும் இது அதிகம். சோடியம் லீற்றருக்கு 200 மில்லிகிராம் அளவுக்கு வரும்போதுதான் பொதுவாக நாக்குக்கு உவர்ப்புத் தெரியத் தொடங்கும். அப்படியான தண்ணீரில் மூன்று லீற்றர் குடித்தால் 600 மில்லிகிராம் சோடியம், அதாவது ஒன்றரைக் கிராம் உப்பு. எட்டுக் கிராமுக்குப் பக்கத்தில் சிறியதுதான், ஆனால் மாமிக்கு அது கணக்கில் வரும்.

கேத்தலில் படியும் வெள்ளைக் கசடை உப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அது சுண்ணாம்பு, பிரஷருக்கும் அதற்கும் தொடர்பில்லை. நாக்கில் உவர்த்தால்தான் பார்க்க வேண்டும். கொதிக்க வைத்தால் உவர் போகாது, நீர் வற்றினால் கூடவே செய்யும். துணியில் வடித்தாலும் சாதாரண வடிகட்டியிலும் போகாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் அல்லது நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையில் கேட்டுச் சோடியமும் குளோரைட்டும் பரிசோதியுங்கள். மாரி முடிந்த கையோடு எடுத்தால் நல்ல முடிவு வரும். ஆனால் உண்மை நிலை தெரிய ஆவணி, புரட்டாதியில், கிணறு வற்றி இருக்கும் நேரம் எடுக்க வேண்டும். சோடியம் 200ஐத் தாண்டினால் குடிக்கவும் சோறு, தேத்தண்ணிக்கும் மட்டும் வேறு நல்ல தண்ணீர் எடுங்கள். குளிக்கவும் கழுவவும் கிணறே போதும்.

வெயிலில் வேலை செய்பவருக்கு வியர்வையோடு உப்புப் போவது உண்மை. ஆனால் வருடக் கணக்காக வெயிலுக்குப் பழகிய உடம்பு வியர்வையில் உப்பை விடுவதைத் தானே குறைத்துக்கொள்ளும், சிறுநீரகமும் பிடித்து வைக்கும். 5 கிராம் எல்லைக்குள் மூன்று நேரம் சாப்பிடுகிற உங்கள் கணவருக்கு வழமையான வேலை நாளில் அது காணும். தோட்டத்தில் வரும் தலைச்சுற்றுக்குக் கூடுதலாகக் காரணம் தண்ணீர் குடிக்காததுதான். காலையில் வெள்ளனப் போய்ப் பத்தரைக்கு முன் கடும் வேலையை முடிப்பது, அரை மணிக்கொரு தடவை தண்ணீர், உப்பில்லாத மோர் என்று வையுங்கள். தினமும் 'பலத்துக்கு' ஜீவனி கரைத்துக் குடிக்க வேண்டாம். அது வயிற்றோட்டத்துக்கான மருந்து, ஒரு லீற்றரில் 4 கிராம் உப்புக்குச் சமமான சோடியம் இருக்கிறது. வயிற்றோட்டமோ சத்தியோ வந்தால் ஜீவனி குடிக்க வேண்டும், அந்த நாட்களில் லொசாட்டனைத் தொடர்வதா என்பதையும் வைத்தியரிடம் கேட்க வேண்டும். குளிசையும் உப்புக் குறைப்பும் சேர்ந்த பிறகு எழும்பும்போது கண் இருட்டினால், இருந்தும் நின்றும் பிரஷரைப் பார்த்து எழுதிக்கொண்டு போங்கள். மருந்தின் அளவைத்தான் திருத்த வேண்டியிருக்கும்.

மாமியின் தட்டு, பிள்ளைகளின் தட்டு

மாமிக்கு 'உப்பில்லாப் பத்தியம்' வேண்டாம். வயதானவர்கள் இதய மருந்துகளோடு உப்பை முற்றாக விட்டால் சாப்பாடே இறங்காமல் மெலிந்துபோவார்கள், சிலருக்கு இரத்தத்தில் சோடியம் குறைந்து குழப்பமும் விழுகையும் வரும். இதயம் பலவீனமானவர்களில் சோடியத்தை நாளுக்கு 1,500 மில்லிகிராமுக்குக் கீழ் இறக்க முயன்று 2022இல் வெளியான ஆய்வில், இறப்போ வைத்தியசாலையில் அனுமதிப்பதோ குறையவில்லை. வீட்டில் எல்லாருக்கும் இறங்குகிற அளவே அவருக்கும் போதும். அவருக்கு உண்மையான தொல்லை தட்டின் ஓரத்தில் இருப்பவைதான்.

அவற்றைப் பறிக்காமல் மாற்றிக் கொடுங்கள். மோர் மிளகாய்க்குப் பதில் செத்தல் மிளகாயைப் பொரித்து இரண்டு துளி தேசிக்காய் விட்டுக் கொடுங்கள். ஊறுகாயின் இடத்தில் பச்சைத் தேசிக்காய்ப் பாதி. வேப்பம்பூ வடகம் வீட்டில் போடுவதென்றால் உப்பைப் பாதியாக்கலாம், கடகடவென்று காயவிட்டால் பழுதாகாது. மோர் மிளகாயில் அப்படிக் குறைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், ஆகவே அதை முயல வேண்டாம். கருவாட்டைக் கிழமைக்கொரு சிறு துண்டாக்குங்கள். இளஞ்சூட்டுத் தண்ணீரில் அரை மணித்தியாலம் ஊறவைத்து ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீரில் இன்னுமொரு அரை மணித்தியாலம் ஊறவையுங்கள். கறியில் வேறு உப்புப் போட வேண்டாம். உப்பு முழுதும் போகாது, ஆனால் கணிசமாகக் குறையும்.

மாமியைத் தினமும் காலையில் சலம் கழித்த பிறகு, சாப்பிட முன், ஒரே தராசில் நிறுத்து நாட்காட்டியில் எழுதுங்கள். மூன்று நாளுக்குள் 2 கிலோ ஏறினால் அது கொழுப்பில்லை, தங்கிய நீர். வீக்கம் கூடினால், படுக்கத் தலையணை கூடுதலாகக் கேட்டால், இரவில் மூச்சு முட்டி எழும்பினால் அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். கருவாட்டுக் குழம்பு சாப்பிட்ட அடுத்த நாளும் மறுநாளும் நிறை ஏறுவதை அந்த நாட்காட்டியில் மாமியே பார்த்தால், நீங்கள் சொல்லி விளங்காதது விளங்கும்.

பிள்ளைகளுக்குத் தனிச் சமையல் எதுவும் தேவையில்லை, குறைந்த உப்புச் சட்டியே அவர்களுக்கும். அயடீன் உப்பாக இருந்தால் சரி. சின்னவர் ரியூசன் விட்டு வந்ததும் நூடில்ஸ்தான் கேட்பார் என்றால் மறுக்க வேண்டாம். தூள் பைக்கற்றில் பாதியை மட்டும் போட்டு, முட்டையும் ஒரு பிடி முருங்கையிலையும் சேர்த்துக் கொடுங்கள். மிச்சத் தூளை அடுத்த கறிக்கென்று எடுத்து வைக்காமல் எறிந்துவிடுங்கள்.